எத்தனையாவது தடவையில் திரும்பி வருவீர்கள்?

ஆய்வு மாணவர் அறையில் எனக்கு ஒதுக்கியிருந்த மேசையை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசை அக்கா என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தம்பி, உனக்குக் கோவம் வந்தா எத்தனையாவது தடவையில பழையபடி ஆவ?" என்று கேட்டார்.

நான் கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து வந்தவன். அப்பா பக்கத்து ஊர் மேருவில் லோரி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பள்ளி முடிக்கும் ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பல்கலைக்கழகத்தில் யார் என்ன கேட்டாலும் அது தேர்வுக் கேள்வி என்று நினைத்துப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இருந்தது. யோசித்துச் சொன்னேன். "ஒரு தடவை கோவிச்சுக்கிட்டா பேச மாட்டேன்க்கா. ரெண்டாவது தடவை கோவிச்சுக்கும்போது முதல் தடவை எதுக்குன்னு மறந்துடும். பேசிடுவேன்."

"ரெண்டு," என்றார் அக்கா, காய்கறிக் கடையில் எடை சொல்வதுபோல. "நல்ல வரிசை. உக்காரு."

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்ற சிக்கல் வரும். அந்த விஷயத்தில் அவருடைய குடும்பத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இன்றுவரை கருத்து ஒற்றுமை ஏற்படவில்லை.

வரிசை என்று அக்கா சொன்னது ஒரு கணிதச் சொல். ஒரு செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே போனால், எத்தனையாவது தடவையில் எல்லாம் தொடங்கிய நிலைக்கே வந்து சேர்கிறதோ அந்த எண்தான் அந்தச் செய்கையின் வரிசை. விளக்கு சுவிட்சுக்கு இரண்டு. இப்படிப்பட்ட செய்கைகள், ஒன்றோடு ஒன்று சேர்ந்தாலும் வெளியே போகாமல், ஒரு கூட்டமாக இருந்தால் அது குரூப். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதற்குக் குலம் என்று பெயர். அந்தச் சொல்லை வீட்டில் சொன்னேன். அக்கா கல்யாணத் தரகு பார்க்கிறார் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். அதனால் குரூப் என்றே எழுதுகிறேன்.

அக்காவின் விசேஷம் என்னவென்றால், அவர் கணிதத்தை அறையில் விட்டுவிட்டு வருவதில்லை. பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறையில் இருந்தார். கீழே இருந்த ரோட்டிக் கடையில்தான் காலை உணவு. ஒரு நாள் ரோட்டி தெலூர் வந்தது. முட்டையை உள்ளே வைத்துச் சதுரமாக மடித்திருந்தார்கள். அக்கா ஒரு மூலையில் மிளகாய்ச் சம்பலால் பொட்டு வைத்து, தட்டிலேயே அதை இடம் வலமாகப் புரட்டினார்.

"ரெண்டு தடவை புரட்டினா பொட்டு பழைய இடத்துக்கு வந்துடும். ரெண்டு. இப்ப மூலைக்கு மூலை புரட்டுறேன். இதுவும் ரெண்டு. சரியா? இப்ப முதல்ல இதைச் செஞ்சு, அடுத்து அதைச் செய்யறேன். என்ன ஆச்சு?"

ரோட்டி கால் வட்டம் திரும்பியிருந்தது.

"கால் சுத்துக்கு வரிசை நாலு. தனித்தனியா ரெண்டு பேரும் சாது. ரெண்டே தடவையில திரும்பி வந்துடுவாங்க. சேர்த்து வச்சா சுத்த ஆரம்பிச்சுடுறாங்க."

"இதுக்கு என்ன பேருக்கா?"

"கல்யாணம்."

ரோட்டி போடும் ராமநாதபுரத்து அண்ணன் கல்லுக்குப் பின்னாலிருந்து கத்தினார். "யக்கா, அது திங்குற சாமான்க்கா! சுத்தி வெளையாடவா முட்டை ஊத்திக் கொடுத்தேன்? ஆறிப்போச்சுன்னா வேற போட மாட்டேன், சொல்லிட்டேன்."

"அவருக்கு எத்தனைக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

"மூணு. முதல்ல திட்டுவாரு. அடுத்த நாள் பேச மாட்டாரு. மூணாவது நாள் குழம்பு எக்ஸ்ட்ரா."

அக்கா தனக்குத் தெரிந்த எல்லாரையும் இப்படி அளந்து வைத்திருந்தார். எங்கள் பேராசிரியருக்கு ஐந்து. தலைப்பைக் கேட்டதும் 'பிரமாதம்' என்பார். முதல் சந்திப்பில் 'பரவாயில்லை.' இரண்டாவதில் 'இன்னும் கொஞ்சம் பாருங்கள்.' மூன்றாவதில் 'இது எதற்கு?' நான்காவதில் 'இது யாருடைய யோசனை?' ஐந்தாவதில் மறுபடியும் பிரமாதம். மாணவர்கள் நான்காவது சந்திப்பில் அழுதுவிட்டு வருவார்கள். அக்கா அவர்களிடம், "இன்னும் ஒண்ணுதான் லா, பொறு," என்பார். அந்த ஆறுதல் ஒருபோதும் பொய்த்ததில்லை.

இதில் விளையாட்டு பாதிதான். மீதிப் பாதி அவருடைய ஆய்வு. ஒரு குரூப்பில் உள்ள ஒவ்வொருவருடைய வரிசையையும் சொல்லிவிடுகிறோம்: இரண்டு உள்ளவர்கள் இத்தனை பேர், மூன்று உள்ளவர்கள் இத்தனை பேர் என்று. இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் குரூப் எப்படிப்பட்டது என்று சொல்ல முடியுமா?

"சண்டை போடுற குரூப்பான்னு சொல்ல முடியாது," என்றார் அக்கா. "நீ முதல்ல, நான் அடுத்துன்னாலும், நான் முதல்ல, நீ அடுத்துன்னாலும் ஒரே முடிவு வந்தா அது சண்டை இல்லாத குரூப். இருபத்தேழு பேர் உள்ள குரூப் ரெண்டு இருக்கு. ரெண்டுலயும் ஒருத்தர் எதையும் மாத்தாத ஆளு, மத்த எல்லாருக்கும் வரிசை மூணு. கணக்கு அச்சு அசல் ஒண்ணு. ஆனா ஒண்ணுல சண்டையே கிடையாது, இன்னொண்ணுல இருக்கு. இது பழைய விஷயம், எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப கணக்கு எதுக்குக்கா?"

"சண்டை இருக்கான்னு சொல்லாது. ஆனா இருக்கிற சண்டையைத் தீர்க்க முடியுமான்னு சொல்லும். சில குரூப்பைப் படிப்படியாக் கழட்டலாம். ஒவ்வொரு படியிலயும் சண்டை இல்லாத துண்டுதான் கையில வரும். சில குரூப்பை அப்படிக் கழட்டவே முடியாது, உள்ள ஒரு முடிச்சு இருக்கும். ரெண்டு குரூப்புக்கும் கணக்கு ஒண்ணா இருந்து, ஒண்ணைக் கழட்ட முடிஞ்சா, இன்னொண்ணையும் கழட்ட முடியணும். முடியும்னுதான் நான் சொல்றேன்."

நான் பிறப்பதற்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி அது. யாரும் ஆம் என்றும் நிரூபிக்கவில்லை, இல்லை என்றும் காட்டவில்லை. அக்கா ஏழு வருடமாக ஆம் என்ற பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சில தனி வகைக் குரூப்புகளுக்கு ஆம் என்று நிரூபித்தும் விட்டார். மிச்சம் எல்லாவற்றுக்கும் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது கணிதமா, கிள்ளானில் இருந்த அவருடைய தாய்மாமாவா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

மாமா ஒரு கோயிலின் ஆலோசகர். ஆலோசனை என்றால் சண்டை. அவர் ஒரு கூட்டத்தில் மேசையைத் தட்டினால் தலைவரும் துணைத்தலைவரும் நாற்காலி மாறிக்கொள்வார்கள். அதைப் பொறுக்காத மாமாவின் சம்பந்தி அடுத்த கூட்டத்தில் மேசையைத் தட்டுவார். துணைத்தலைவரும் செயலாளரும் மாறிக்கொள்வார்கள். பிறகு மறுபடி மாமா. அக்கா இதைக் கேட்டுவிட்டு, "இப்படியே மாத்தி மாத்தித் தட்டுங்க மாமா, ஆறாவது கூட்டத்துல மூணு பேரும் அவங்கவங்க பழைய நாற்காலியில இருப்பாங்க," என்று சொல்லியிருந்தார்.

அப்படியே நடந்தது. ஆறாவது கூட்டத்தில் மூன்று பேரும் தொடங்கிய இடத்திலேயே அமர்ந்தார்கள். அதற்குப் 'புதிய நிர்வாகம்' என்று பெயர் வைத்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, புகைப்படம் எடுத்து முகநூலில் ஏற்றினார்கள். மாமாவுக்கு அக்கா மேல் பக்தியே வந்துவிட்டது.

"நீ படிக்கிறது கணக்குன்னு நெனச்சேன், ஜாதகமா!" என்றார் தொலைபேசியில். அறை முழுக்கக் கேட்டது. "அப்படியே இந்த வாரம் குதிரைக் கடை லாட்டரியில நாலு நம்பர் என்ன வரும்னு சொல்லுமா."

"அது வராது மாமா."

"ஏன், கோயில் கமிட்டிக்கு வரும், குதிரைக் கடைக்கு வராதா?"

அன்று முதல் மாமா அவரை டாக்டர் என்றே அழைத்தார். திருவிழாப் பதாகையில் போட்டார், உறவினர் கல்யாணப் பத்திரிகையில் போட்டார். பதாகையைப் பார்த்துவிட்டு ஓர் ஆன்டி முட்டி வலிக்கு மருந்து கேட்டு வந்தார். அக்கா அவரை உட்கார வைத்து, வலி எத்தனை நாளுக்கு ஒரு தடவை திரும்பி வருகிறது என்று அக்கறையாகக் கேட்டாராம். மருந்து இல்லாமலே அந்த ஆன்டி திருப்தியோடு போனார்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த சம்பவத்தையும் மாமாதான் எனக்குச் சொன்னார், தலையில் அடித்துக்கொண்டே. பூச்சோங்கிலிருந்து வந்த குடும்பம். மாப்பிள்ளை எஞ்சினியர். மாப்பிள்ளையின் அம்மா வடையைப் பிட்டுக்கொண்டே, "எங்க வீட்ல சண்டை சச்சரவே கிடையாதும்மா. இவன் வாயே தொறக்க மாட்டான். இவங்கப்பாவும் அப்படித்தான். நானும் அப்படித்தான்," என்றிருக்கிறார்.

அக்காவின் முகம் கவலையாகிவிட்டது. "அப்ப மூணு பேருக்கும் வரிசை ஒண்ணுங்களா ஆன்டி? அது வராதே. ஒரு குரூப்புல வரிசை ஒண்ணு உள்ளது ஒரே ஒரு ஆளுதான் இருக்க முடியும். எதையும் மாத்தாத ஆளு. மூணு பேருமே அப்படின்னா, உங்க வீட்ல மொத்தமே ஒருத்தர்தான் இருக்கீங்கன்னு அர்த்தம்."

"யாரும்மா அந்த ஒருத்தர்?" என்று அந்த அம்மா கேட்க, மாப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்து, "நீங்கதாம்மா," என்றாராம்.

அந்தச் சம்பந்தம் அத்துடன் முடிந்தது. ஆனால் மாப்பிள்ளை மறுவாரமே தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார் என்று கேள்வி. அக்கா அதை ஒரு நிரூபணமாகவே எடுத்துக்கொண்டார்.

பல்கலைக்கழகம் மட்டும் அவருடைய அளவுகோலில் அகப்படாமல் இருந்தது. ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு தடவை ஒரு கேள்வி வரும்: உங்கள் ஆய்வால் நாட்டுக்கு என்ன நன்மை? எங்கள் அறையில் எல்லாரும் 'இணையப் பாதுகாப்பு' என்று எழுதிவிடுவோம். குளத்தில் அலை எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தவரும் இணையப் பாதுகாப்புதான். அக்கா 'இன்னும் தெரியவில்லை' என்று எழுதினார். 'தெரிந்தபின் அனுப்பவும்' என்று திரும்பி வந்தது. மறுமுறை, சலித்துப்போய், 'சமூக நல்லிணக்கம்' என்று எழுதினார். ஒரு கூட்டத்தின் சண்டையைத் தீர்க்க முடியுமா என்பதுதானே ஆய்வு?

அலுவலகம் மகிழ்ந்துபோனது. ஒற்றுமை பற்றிய கருத்தரங்கில் பேச அழைத்தார்கள். அக்கா பேசி முடித்ததும் ஓர் அதிகாரி அருகே வந்து, எந்த இனத்துக்கு எந்த வரிசை என்று சுருக்கமாக ஓர் அட்டவணை கிடைக்குமா, அமைச்சுக்கு அனுப்பலாம் என்று பணிவாகக் கேட்டார். அக்கா அன்று சாப்பிடாமலே திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு இணையப் பாதுகாப்பு என்றே எழுதினார்.

இனி எல்லாம் கவிழ்ந்த அந்தக் காலைக்கு வருகிறேன். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாகிவிட்டது. வாய்மொழித் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. அந்தப் பருவத்தோடு அக்காவின் பதிவுக் காலம் முடிகிறது. நீட்டிப்புகள் எல்லாம் வாங்கித் தீர்ந்துவிட்டன. மாமா கிள்ளானில் விருந்துக்கு மண்டபம் சொல்லிவிட்டார்.

இணையத்தில் புதிதாக ஏற்றப்படும் கணிதக் கட்டுரைகளைக் காலையில் ஒரு பார்வை பார்ப்பது என் வழக்கம். அச்சுக்குப் போகும் முன்பே ஆய்வாளர்கள் அங்கே போட்டுவிடுவார்கள். அன்று ஒரு தலைப்பைப் பார்த்ததும் நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினேன். அக்கா காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா. உங்க கேள்விக்குப் பதில் வந்திருக்கு."

"யாருகிட்டேருந்து?"

"யாரோ ஒரு ஆளு. வெளிநாடு."

"ஆமாவா, இல்லையா?"

"இல்லைன்னு."

அக்கா பொட்டலத்தை மறுபடி மடித்தார். ரப்பர் பட்டையைப் போட்டார். "எவ்வளவு பெரிசு?"

"குரூப்பாக்கா? ரொம்பப் பெரிசு. ஆள் எண்ணிக்கையை எழுத ஒரு வரி பத்தாது. அந்த மாதிரி ரெண்டு. ரெண்டுக்கும் கணக்கு ஒண்ணு. ஒண்ணைக் கழட்டலாம், இன்னொண்ணைக் கழட்ட முடியாது."

"குரூப்பைக் கேக்கல. கட்டுரை எவ்வளவு பெரிசு?"

"சின்னதுதான்க்கா."

"சின்னதா," என்றார். பொட்டலத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். நான் அந்த இடத்தில் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். பள்ளியில் அதைச் சொல்லித்தரவில்லை.

அடுத்த வாரங்களில் அக்கா அந்தக் கட்டுரையைக் குற்றவாளியை விசாரிப்பதுபோல விசாரித்தார். முதலில், "இந்த ஆளு எங்கியோ ஏமாத்துறான்." பிறகு, "மூணாவது பக்கத்துல மாட்டுவான் பாரு." மூன்றாவது பக்கத்தில் மாட்டவில்லை. "ச்சே, இதையும் சரியாச் செஞ்சிருக்கான்." ஒவ்வொரு எண்ணையும் தன் கையால் மறுபடி போட்டுப் பார்த்தார், கணினியிலும் போட்டுப் பார்த்தார். மெதுவாகக் குரல் மாறியது. "தம்பி, இங்க வா. இங்க வந்து பாரேன். இப்படிச் செய்யணும்னு இந்த ஆளுக்கு எப்படித் தோணுச்சு?" கடைசியில் அவரே என்னை உட்காரவைத்து, தன் ஏழு வருடத்தைக் கவிழ்த்த கட்டுரையை, சொந்தக்காரர் வீட்டுக் குழந்தையின் சாமர்த்தியத்தைச் சொல்வதுபோலச் சொல்லிக்காட்டினார்.

கட்டுரை சரிதான். இருந்தாலும், அவர் தனி வகைகளுக்கு நிரூபித்த எதுவும் பொய்யாகிவிடவில்லை. அவையெல்லாம் அப்படியே நின்றன. பொய்யானது ஒன்றே ஒன்று: ஆய்வேட்டின் தலைப்பு. 'உறுப்புகளின் வரிசைகள் குரூப்பின் கழற்றத்தக்க தன்மையைத் தீர்மானிக்கின்றன: நிரூபணத்தை நோக்கி.' நோக்கிப் போன இடத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

தலைப்பை மாற்றலாமா என்று பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் விசாரித்தோம். தாராளமாக மாற்றலாம். ஆனால் தலைப்பு மாறினால் அது புது ஆய்வு. புது ஆய்வு என்றால் முன்மொழிவை மறுபடி குழுவின் முன் வைக்க வேண்டும், அதற்கு ஒரு வருடம். அக்காவுக்கோ ஒரு பருவம்கூட மிச்சமில்லை. உள்ளே இருப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் திருத்தலாம், அட்டையைத் தொடக்கூடாது என்று விளக்கினார் அந்த அலுவலர், தானும் வருத்தப்பட்டுக்கொண்டே.

பேராசிரியரிடம் போனோம். நல்லவேளை, அது ஐந்தாவது சந்திப்பு. "பிரமாதம்," என்று தொடங்கி, குரலைத் தாழ்த்தி, "தேர்வாளர்கள் வயதானவர்கள், இணையத்தில் இதையெல்லாம் பார்க்க மாட்டார்கள். கேட்கும்வரை நீங்களாகச் சொல்லாதீர்கள். முதலில் டாக்டர் ஆகுங்கள், பிறகு உண்மையைப் பார்த்துக்கொள்ளலாம்," என்றார்.

வெளியே வந்ததும், "என்னக்கா செய்யப் போறீங்க?" என்றேன்.

"தெரியல லா," என்றார். 'தெரியல' என்று அக்கா வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வாய்மொழித் தேர்வில் மாணவர் பேசும் பகுதிக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மாமா, கோட்டு சூட்டில், வியர்த்துக்கொண்டு. விதிப்படி தலைவர் வேறு துறையிலிருந்து வர வேண்டும். இவர் பாலம் கட்டும் துறை. வெளித்தேர்வாளர் ஒருவர், உள்தேர்வாளர் ஒருவர், ஓரமாக எங்கள் பேராசிரியர்.

அக்கா திரையில் முதல் பக்கத்தைப் போட்டார். தலைப்பு இல்லை. அந்த இரண்டு பெரிய குரூப்புகள் இருந்தன. "என் ஆய்வேட்டின் தலைப்பில் உள்ள நம்பிக்கை தவறு என்று சென்ற மாதம் ஒருவர் காட்டிவிட்டார்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். பேராசிரியர் கண்களை மூடிக்கொண்டார். பிறகு அக்கா, எது விழுந்தது, எது நிற்கிறது என்று நிதானமாகப் பிரித்துச் சொன்னார். அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

முடித்ததும் வெளித்தேர்வாளர் மேசையில் விரலால் தட்டினார். "அந்தக் கட்டுரை ஆய்விதழில் வந்துவிட்டதா?"

"இன்னும் இல்லை. இணையத்தில் இருக்கிறது."

தலைவரின் முகம் மலர்ந்தது. விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "அச்சாகாத ஆய்வை நாம் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. ஆகவே, இன்று காலை நிலவரப்படி உங்கள் தலைப்பு பொய் இல்லை."

பாலத்தில் விரிசல் என்று யாராவது ஓடிவந்து சொன்னாலும் இவர் எழுத்தில் தரச் சொல்லுவாராக இருக்கும். ஆனால் அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே அக்காவுக்கு ஒரு வழி திறந்துவிட்டார். வெளித்தேர்வாளரும் தலையசைத்தார். உள்ளே இருக்கும் வேலை நன்றாக இருக்கிறது, இதை இழக்கக் கூடாது என்றார். ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று தலைவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"அந்தக் கட்டுரையை நீங்களே சரிபார்த்தீர்களா? கவனமாகப் பதில் சொல்லுங்கள். கேள்விப்பட்டேன், சரிபார்க்கவில்லை என்றால், அது வெறும் செய்தி. இன்றே முடித்துவிடலாம். சரிபார்த்தேன், அது சரி என்று நீங்களே சொன்னால், உங்கள் தலைப்பு பொய் என்று நீங்களே சாட்சி சொன்னதாகக் குறிப்பில் ஏறும். பிறகு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது."

பேராசிரியர் கண்ணைத் திறந்து, தலையை இடம் வலமாக மிக மெல்ல ஆட்டினார். வெளித்தேர்வாளர் தன் பேனாவைப் பார்த்தார்.

மாமா என் பக்கம் சாய்ந்தார். "என்ன தம்பி கேக்குறாங்க?"

"ஒரு கட்டுரையை அக்கா படிச்சாங்களான்னு கேக்குறாங்க அங்கிள்."

"எம்பொண்ணு படிக்காததா!" என்றார் மாமா, எல்லாருக்கும் கேட்கும்படி.

அக்கா திரும்பி மாமாவைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார், சற்று நேரம். "சரிபார்த்தேன்," என்றார். "ஒவ்வொரு வரியாக. சரியாக இருக்கிறது."

மாமா எழுந்து கைதட்டினார்.

எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் குழு ஆலோசித்தது. நீண்ட ஆலோசனை இல்லை. டாக்டர் பட்டம் தர இயலாது, வேலையின் தரத்தைக் கருதி முதுகலைப் பட்டம் தரப் பரிந்துரை என்று தலைவரே வெளியே வந்து சொன்னார். சொல்லிவிட்டு, உங்கள் பேச்சு எனக்கே புரிந்தது என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தத் தாழ்வாரத்தில் அக்காவுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

"பாஸா?" என்றார் மாமா.

"இல்ல மாமா."

"ஏம்மா, கணக்கு தப்பாப் போச்சா?"

"கணக்கு சரி மாமா. தலைப்புதான் தப்பு."

மாமா ஒரு நிமிடம் யோசித்தார். "தலைப்புதானே, மாத்திட்டாப் போச்சு." அவர் பேராசிரியரைப் பார்த்து, "என்னங்க சார், நாங்க ஒரு கமிட்டியையே ஒரே மீட்டிங்ல மாத்துறோம். நீங்க ஒரு தலைப்பை மாத்த மாட்டீங்களா?" என்றார். பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. புன்னகையோடு தலையாட்டிவிட்டு வேறொரு கூட்டத்துக்குப் போனார். மாமா மண்டபக்காரருக்குப் போன் போட்டபடியே காரை எடுக்க இறங்கினார்.

தாழ்வாரத்தில் நாங்கள் இருவர் மட்டும். அக்கா சுவரில் சாய்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் நின்றார். தேர்வுக்கென்று வாங்கிய புதுச் செருப்பு, குதிகாலைக் கடித்திருந்தது. எனக்கு அடக்க முடியவில்லை.

"ஒரு வார்த்தைக்கா. பார்க்கலன்னு ஒரே ஒரு வார்த்தை. அவங்களே சொல்லித்தந்தாங்களே. ஏன்க்கா சொல்லல? பொய் சொல்ல பயமா?"

"பயமா? சேச்சே." அக்கா குனிந்து குதிகாலைத் தடவினார். "சொல்லலாம்னுதான்டா வாயைத் தொறந்தேன். அப்பப் பார்த்து அந்த ரெண்டு குரூப்பும் திரையில நிக்குது."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அவ்வளவு அழகாச் செஞ்சிருக்காங்க தம்பி. அதைப் போய் நான் பார்க்கவே இல்லன்னு எப்படிச் சொல்றது?"